வெள்ளையாக்குகிற ஸ்டூடியோ

எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்தால் வெள்ளையாக வரும் என்று இரணியல் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. பெண் பார்க்கிற பேச்சு தொடங்கிய வீடுகளில், "அந்த ஸ்டேஷன் ரோட்டுக் கடையில போயி எடுங்க, பிள்ள நல்லா வெளுத்து வருவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். இனயத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். வழியில் எத்தனை ஸ்டூடியோ! அதையெல்லாம் தாண்டி, நகையை ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி எங்கள் படி ஏறுவார்கள். அப்போது எனக்குப் பெருமை தாங்காது. இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

படம் எடுப்பதும் அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவதும் என் வீட்டுக்காரர். நான் முன்னால் மேசையில் இருந்து ஆர்டர் வாங்குவேன், வந்த படங்களை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், பிலிம் கேமராவுக்கு ஆள் வருவது குறைந்தபோது, நாங்களும் எல்லாரையும்போல டிஜிட்டலுக்கு மாறினோம். அவர் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. உட்கார்ந்து தட்டித் தட்டியே கற்றுக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்து எனக்கும் கொஞ்சம் தெரியும். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டி முக்கோணம். மேலே உள்ளது பிரைட்னஸ். அந்த முக்கோணத்தை வலப்பக்கம் இழுத்தால் படம் வெளுக்கும், இடப்பக்கம் இழுத்தால் இருளும். கீழே உள்ளது காண்ட்ராஸ்ட். அதைக் கூட்டினால் வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள சண்டை கூடும். குறைத்தால் எல்லாம் சாம்பல் பூசினதுபோல மங்கும். வெளியே பெரிய வித்தைபோல இருந்தாலும் பாதி வேலை இந்த இரண்டு முக்கோணத்தில்தான்.

ஆரம்பத்தில் அவர் அவற்றைத் தொட்டும் தொடாமலும் விடுகிற ஆள். "கூட்டிக் கூட்டி வெளுக்க வச்சா, வெளுத்த எடத்துல பொறவு ஒண்ணுமே இருக்காது பாத்துக்க. திரும்பக் கொறச்சா சாம்பலுதான் வரும், கன்னம் வராது" என்பார். முகம் எந்த நிறமோ அந்த நிறத்திலேயே கொடுப்பார். அது யாருக்குப் பிடிக்கும்? "என்னண்ணே, எனக்க பிள்ளய இப்பிடி கறுப்பாக்கி வச்சிருக்கிய?" என்று கவரைப் பிரித்த உடனே முகத்தைச் சுளிப்பார்கள். "நான் எங்க ஆக்கினேன்? ஆண்டவர் ஆக்கினது" என்று உள்ளே இருந்தே பதில் வரும். வந்தவர் படியிறங்கியதும் நான் பிடித்துக்கொள்வேன். கடைக்கு வருகிறவர்களிடம் இப்படியா பேசுவது? கேட்டதைக் கொடுத்துவிட்டால் நம் வீட்டு வெள்ளையா குறைந்துபோகும்? என் வாய் அப்படி. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் திறப்பார்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. பிறகு படங்கள் கொஞ்சங்கொஞ்சமாக வெளுக்க ஆரம்பித்தன. எந்த மாதம், எந்தப் படம் என்றெல்லாம் சொல்ல முடியாது. குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இல்லாமல் ஆனார்கள், அதை வைத்துத்தான் கவனித்தேன். கவரைப் பிரித்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். "இப்பவாவது புத்தி வந்துதே" என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "முகத்துல இருட்டு கெடக்குல்லா, அதை எடுத்து விட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

அதற்கப்புறம் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் அந்த ஒரே பேச்சுதான். முகத்தில் இருட்டு கிடக்கிறது. ஞானஸ்நானக் குழந்தையின் முகத்திலும் இருட்டு, கல்யாண மாப்பிள்ளை முகத்திலும் இருட்டு, உச்சி வெயிலில் வயல் வரப்பில் நிற்க வைத்து எடுத்த முகத்திலும் இருட்டு. அது வியாபாரப் பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். பரவாயில்லையே, மனுஷன் பேசவும் படித்துவிட்டாரே என்று உள்ளுக்குள் சிரித்ததும் உண்டு.

இனயத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. பெண் நல்ல களையான பெண். கடற்கரை வெயிலில் வளர்ந்த மாநிறம், பெரிய கண். படம் எடுத்துவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வழக்கமாக அம்மாமார் "அண்ணே, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்று கெஞ்சுவார்கள். இந்த அம்மாவுக்கு வாய் திறக்கவே வேலை வரவில்லை. முக்கோணத்தை இவரே இழுத்துக்கொண்டு போனார். பெண்ணின் கன்னம் வெளுத்தது, நெற்றி வெளுத்தது, கழுத்தும் முகமும் ஒன்றாயின.

"அம்மா, இது நானாக்குமா?" என்று பெண் கேட்டாள்.

"சும்ம கெட ஏட்டி. நீயில்லாம பின்ன ஆரு? கொள்ளாம், நல்லாத்தான இருக்கு" என்றாள் அம்மா.

"இன்னும் கொஞ்சம் இருட்டு கெடக்கு" என்றார் இவர்.

பெண் என்னைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் படத்தைப் பார்த்து ஓர் இடம் வந்து, கல்யாணமும் முடிந்தது. அந்த அம்மா ஒரு நாள் ஒரு பெரிய துண்டு நெய்மீனைப் பொதிந்து எடுத்துக்கொண்டு, "அண்ணனுக்கக் கைராசிதான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டில் நல்ல குழம்பு. சாப்பிடும்போது முள் எடுக்க அவர் தடுமாறினார். "மெதுவா தின்னுங்க, மீனு ஓடிராது" என்று கேலி பண்ணினேன்.

கேலி பண்ண நிறைய இருந்தது. கோயில் படியில் கால் தட்டி விழப்போவார். மேசை ஓரத்தில் இருக்கிற டீ கிளாஸைக் கையால் தட்டிவிடுவார். பொழுது சாயத் தொடங்கினால் பைக்கை எடுக்க மாட்டார். சாயங்கால ஆர்டர் வந்தால், "நெய்யூர் பக்கம் ரோடு கொள்ளாது, குண்டும் குழியுமாக்கும்" என்று ஏதாவது சொல்லி மறுநாளைக்குத் தள்ளுவார். சோம்பேறி ஆகிவிட்டார் என்று எனக்கு எரிச்சல். அந்த நேரத்தில் வாயில் வந்ததெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர் அவர்.

விஷயம் வெளியே வந்தது ஒரு பாஸ்போர்ட் படத்தால். சவூதிக்குப் போக இருந்த ஒரு ஆள், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனவர், ஒரு வாரத்தில் கோபமாகத் திரும்பி வந்தார். கவரை என் மேசையில் போட்டார்.

"அக்கா, இதப் பாருங்க. எனக்க காது எங்க?"

பார்த்தேன். வெள்ளைப் பின்னணி. அதில் இரண்டு கண், ஒரு மீசை, தலைமுடி, சட்டைக் காலர். காதும் கன்னத்தின் ஓரமும் பின்னணியோடு கரைந்துபோய் முகத்துக்கு எல்லையே இல்லை.

"ஆபீஸ்ல கேக்கான், ஒனக்குக் காது உண்டா இல்லியான்னு. எல்லாரும் சிரிக்கான். கல்யாணத்துக்குப் பெண்ணு வெளுக்கட்டும், வேண்டாம்னா சொன்னேன்? நான் என்னத்துக்கு வெளுக்கணும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, இருங்கள் இப்போதே வேறு போட்டுத் தருகிறேன் என்று அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். இவர் வேறொரு படத்தில் இருந்தார். திரைக்கும் அவர் மூக்குக்கும் ஒரு சாண்கூட இல்லை. நான் போய் அவர் தோளோடு ஒட்டி நின்றேன். திரையில் ஒரு பெண்குழந்தையின் படம். மூக்கு போய்விட்டது, வாய் மட்டும் ஒரு கோடாக மிஞ்சியிருந்தது. அவர் முக்கோணத்தை இன்னும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி! இஞ்ச ஒண்ணு வாயேன்!" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் முன்னறைக்குக் கேட்கும்படி கத்தினார்.

நான் அவர் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் சேலை அவர் நாற்காலிக் கைப்பிடியில் உரசிக்கொண்டிருக்கிறது.

கையை மெல்ல உயர்த்தி அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முகம் திரும்பவில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விரலை ஆட்டினேன். இமை அசையவில்லை. கை திரைக்கு நேரே போன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நீ எப்பம் வந்தா?"

"நான் எப்பமே வந்தாச்சு" என்றேன். "ஒங்களுக்குக் கண்ணு தெரியல்லியா?"

"தெரியாம என்ன? ஓரத்துலதான் கொஞ்சம் இருட்டு கெடக்கு. இந்தத் திரையும் பழசாயிட்டுல்லா" என்றார்.

திரையின் கீழே இருக்கிற பொத்தானை அழுத்திப் பார்த்தேன். திரையின் வெளிச்சத்தையும் கடைசிவரை கூட்டித்தான் வைத்திருந்தார். அதற்கு மேல் கூட்ட அதில் இடமே இல்லை.

வெளியே காது போன ஆள் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய திருத்தாத படத்தைத் தேடி எடுத்து, நானே உட்கார்ந்து அவசர அவசரமாகத் திருத்தி, காது, கன்னம் எல்லாம் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். கடை தொடங்கிய நாளிலிருந்து பட்டப்பகலில் ஷட்டர் இறக்கியது அன்றைக்குத்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைக் கொன்றுகொண்டே வந்திருக்கிறது என்றார்கள். வலிக்காதாம். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே உள்ளே வருமாம். ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கை பொத்தானில் சும்மாவே கிடந்தது. கடைசியில் ஒரு தாளில் அவருடைய பார்வையையே படமாகப் போட்டுக் கொடுத்தார்கள். நடுவில் கொஞ்சம் வெளுப்பு, சுற்றிலும் சாம்பல், அதற்கு வெளியே கட்டிக் கறுப்பு. தொழிலுக்கு ஏற்ற மாதிரித்தான் அவரும் கேட்டார்.

"டாக்டரே, இந்தக் கறுப்ப கொஞ்சம் கூட்டி எடுக்க முடியாதா?"

டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். "போயது போயி. பாக்கியுள்ளது நமக்கு நோக்காம்."

போனது போனதுதான், மிச்சம் இருப்பதைப் பார்க்கலாம். அந்த மிச்சமும் எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டதற்கு டாக்டர் சொட்டு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டபோது, "எங்கப்பாவுக்குக் கடைசியில கண்ணு தெரியாது. வயசாயிட்டுன்னு விட்டாச்சு" என்றார் இவர்.

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். குழித்துறை தாண்டும்போது, "பிள்ளைக்கப் புதுநன்மை வரைக்கும் இந்தக் கண்ணு நிண்ணாப் போரும்" என்றார். எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற அந்தப் புதுநன்மைக்கு இன்னும் மூன்று நாலு வருஷம் இருந்தது. ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும், வெள்ளை உடுப்பும் தலையில் வெள்ளைத் துணியும் கையில் மெழுகுவர்த்தியுமாக, பீடத்துப் படியில் நிறுத்தி வருஷா வருஷம் படம் எடுத்தவர் அவர். தன் பிள்ளை அப்படி நிற்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினேன், இரணியல் ஸ்டேஷன் வரும்வரை நிறுத்தவில்லை.

விஷயம் தெரிந்து வந்த சொந்தக்காரர்கள் என்னைத்தான் பிடித்தார்கள். கட்டினவ, ராத்திரி பகல் கூடவே இருந்தவ, புருஷனுக்கக் கண்ணு போறது தெரியல்லியா என்று. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊரே கவரைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனதே, அதில் ஒருத்தருக்காவது தெரிந்ததா? குருடாகிக்கொண்டு வந்த ஒரு ஆளின் கையிலிருந்து வந்த படம் என்று ஒரு தாய்க்காவது தோன்றியதா? வெள்ளையாக இருந்தால் போதும். அதற்கு மேல் எங்கள் ஆட்களுக்குக் கண்ணே தேவையில்லை. இதை வாய்விட்டே சொன்னேன். ஒரு பெரியம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கடையை மூட முடியாது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் எல்லாப் படத்தையும் ஒழுங்காக, அவர் பழைய நாளில் செய்தது மாதிரி, முகத்தில் முகம் இருக்கும்படி செய்தேன். என்ன நடந்தது தெரியுமா? சண்டைக்கு வந்தார்கள். "அக்கா, நீங்க செஞ்சா கறுத்துப் போகுது. அண்ணன் கை வச்சாத்தான் செரி, அண்ணன விடுங்க" என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் உள்ளே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அது கேட்டு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "பாத்தியா, நம்ம கைய ஜனங்களுக்குத் தெரியும்" என்றார். அப்புறம் நானும் கேட்கிறவர்களுக்கெல்லாம் வெளுக்க வைத்துக் கொடுத்தேன். "அண்ணன்தான் செய்தாரு" என்று பொய்யும் சொன்னேன்.

சொட்டு மருந்து, ஆபரேஷன், திரும்பவும் ஆபரேஷன். அழுத்தம் இறங்கும், ஏறும். நடுவில் இருந்த வெளுப்பு வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நேரில் தெரியாத முகம் திரையில் அவருக்குத் தெரியும். பிரைட்னஸைக் கூட்டி, காண்ட்ராஸ்டை இன்னும் கூட்டி, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும்படி வைத்தால், மூக்கைத் திரையில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு துண்டு துண்டாகப் பார்ப்பார். நான் மகளை அவ்வப்போது நிற்க வைத்து எடுத்து அப்படிக் கூட்டிக் காட்டுவேன். ஒரே வீட்டில் பக்கத்திலேயே நிற்கிற பிள்ளையை அவர் கம்ப்யூட்டரில்தான் பார்த்தார். "பல்லு விழுந்திட்டா மக்கா?" என்பார். "மூக்கு ஒனக்கதுதான், நெத்தி எனக்கது" என்பார். பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது. ஓடிப்போய் நின்று, "அப்பா, இப்ப என்னக் கூட்டிப் பாருங்க" என்பாள்.

ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கூட்ட வேண்டியிருந்தது. முக்கோணம் கடைசிவரை போய்விட்டால், அந்தப் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறப்பேன். முக்கோணம் நடுவுக்கு வந்து நிற்கும். திரும்பவும் கூட்டுவேன். நான் கூட்டக் கூட்ட அவர் கண் குறைந்துகொண்டே வந்தது. எங்களுக்குள் நடந்த ஓட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

புதுநன்மை வந்தது. மகள் வாரக்கணக்காக மறைக்கல்வி வகுப்புக்குப் போய், பாட்டெல்லாம் பாடிப் பழகி, உடுப்பு தைக்கக் கொடுத்து, வீடே அமர்க்களம். பாதிரியாரிடம் கேட்டு முதல் பெஞ்சில் அவரை உட்கார வைத்தோம். கேமராவை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பீடத்துப் படியில் நின்றார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூ, வெள்ளை உடுப்பு, வெள்ளைத் துணி.

"எதாக்கும் நம்ம பிள்ள?" என்று கேட்டார்.

"இடது பக்க ஓரம். மொதல்ல நிக்கியவ."

கழுத்தை நீட்டி, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கே ஏட்டி" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "செரி, பரவாயில்ல. கடையில வச்சு கூட்டிப் பாத்தாத் தெரியும்" என்றார். நான் கேமராவைக் கண்ணில் வைத்துப் படம் எடுத்தேன். நல்லவேளை, கேமராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, கடைக்குப் போகலாம் என்று அவரே முதலில் கிளம்பினார். மகளும் கூட வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்து, முகத்தைத் திரையோடு சேர்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று மவுஸைப் பிடித்தேன். மகள் எங்களுக்குப் பின்னால் நின்றாள். அவள் ஒருத்தி மட்டும் நிற்கிற படத்தைத் திறந்தேன். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, பயந்துபோய் நிற்கிறாள். சிரிக்கவே இல்லை.

"இருட்டா இருக்கு. கூட்டு."

கூட்டினேன். வெள்ளை உடுப்பு சுவரோடு சேர்ந்து போனது.

"கூட்டு."

காண்ட்ராஸ்டைத் தள்ளினேன். கன்னம் போனது. மூக்கு போனது. இரண்டு கண்ணும் மூடிய உதடும் கறுப்புக் கறுப்பாக நின்றன. போன தடவை இதில் அவருக்குப் பிடிபட்டது.

"இன்னும்."

பெட்டியை மூடித் திறந்து இன்னும் தள்ளினேன். உதடு போனது. கண் இரண்டும் இரண்டு புள்ளியாயின.

"இன்னும் ஏட்டி."

தள்ளினேன். புள்ளி இரண்டும் போயின. திரை முழுக்க வெள்ளை. அதில் ஒன்றுமே இல்லை. கூட்ட இனி எதுவும் இல்லை.

அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வெளிச்சம் அவர் நெற்றியிலும் கன்னத்திலும் விழுந்து, முகச்சவரம் செய்த இடத்தில் விட்டுப்போன முடிகூடத் தெரிந்தது. நான் முக்கோணத்தைத் திருப்பி இழுக்கப் போனேன்.

"ஆங்!" என்றார். "நிறுத்து. இப்பம் தெரியுது."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"நல்லா வந்திருக்கா. சிரிக்கா, பாத்தியா?"

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மகளுக்கும் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல, ஏன் இந்த நடிப்பு என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"ஆமாப்பா" என்றாள் மகள். "சிரிச்சிட்டுத்தான் நிக்கேன்."

"இதையே பிரிண்ட் போடு" என்றார் என்னிடம். "இனி ஒண்ணும் தொடாத. நீ தொட்டா இருட்டாக்கிருவா."

மகள் என் கையை அழுத்தினாள். பிரிண்ட் கொடுத்தேன். மிஷின் முனகி, இழுத்து, எப்போதும்போல ஓடி, ஒரு வெள்ளைத் தாளை வெளியே தள்ளியது. அவர் சத்தம் நின்ற இடத்துக்குக் கையை நீட்டித் தடவி, தாளை ஓரத்தில் மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, மேசையில் மெல்லப் படுக்க வைத்தார். மகள் கிட்டே வருகிற சத்தம் கேட்டுக் கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாத மக்கா. மை காயட்டு."